03/04/2024 ஏப்ரலா, மார்ச்சா? பிஎச்பி-யில் தேதியை மாற்றும் முறை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் கடைக் கணக்கு எழுதுகிறவர்கள் ஒரே தேதியை 3/4/2024 என்பார்கள், 3-4-2024 என்பார்கள், 3.4.24 என்பார்கள். நமக்கு மூன்றும் ஏப்ரல் மூன்றாம் தேதிதான். இணையப் பக்கங்கள் எழுதப் பயன்படும் நிரல்மொழியான பிஎச்பி-க்கு மூன்றும் வேறு வேறு. தேங்காய் மண்டி ஒன்றுக்கு லோடு பதிவுப் பக்கம் கட்டிக் கொடுத்தபோது கடைசியில் நிலைத்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஃபார்மில் இருந்து டேட்டா வாங்கவும், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் போடவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள். சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்பதை மட்டும் கவனமாகப் பாருங்கள்.

படி 1: டைம்சோன்

முதல் வரியிலேயே டேட்-டிஃபால்ட்-டைம்சோன்-செட் போட்டு 'ஏசியா/கொல்கத்தா' கொடுத்துவிடுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் பிஎச்பி யூடிசி-யை (உலகப் பொது நேரம்) எடுத்துக்கொள்ளும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ராத்திரி 2 மணிக்கு லாரி கிளம்பினால் யூடிசி-யில் அது முந்தின நாள் இரவு 8:30. ஆக நள்ளிரவு முதல் விடிகாலை 5:30 வரை பதிவாகிற லோடெல்லாம் முந்தின நாள் கணக்கில் போய் உட்காரும். பகலில் சோதித்துப் பார்த்தால் இது கண்ணில் படவே படாது. மைஎஸ்க்யூஎல் கனெக்ஷனுக்கும் தனியாக டைம்சோன் உண்டு. அதற்கு '+05:30' என்று எண்ணாகவே கொடுங்கள். ஊர்ப் பெயர் கொடுத்தால் டைம்சோன் டேபிள்கள் ஏற்றப்படாத சர்வரில் எரர் வரும்.

படி 2: உள்ளே வரும் தேதியைப் படிப்பது

வேலை முழுக்க இங்கேதான். இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது ஸ்டர்-டு-டைம். எந்தத் தேதியைக் கொடுத்தாலும் அதுவே புரிந்துகொள்ளும் என்பார்கள். அது புரிந்துகொள்வதில்லை, ஊகிக்கிறது. நடுவே சாய்கோடு இருந்தால் அமெரிக்க வழக்கம், முதலில் மாதம். சிறுகோடு இருந்து வருடம் நான்கு இலக்கமானால் முதலில் நாள். அதனால் 3-4-2024 சரியாக ஏப்ரலுக்கு வரும், 3/4/2024 மார்ச் 4 ஆகிவிடும்.

ஏப்ரல் மாதக் கணக்கைச் சாய்கோட்டோடு ஏற்றிப் பாருங்கள். 1 முதல் 12 வரை உள்ள நாட்கள் எரர் எதுவும் காட்டாமல் வேறு மாதங்களுக்குச் சிதறும். 4/4 மட்டும் தப்பிக்கும். 13-ஆம் தேதியிலிருந்து மாதம் 13 என்று ஒன்று இல்லாததால் ஃபால்ஸ் திரும்பும், அதை அப்படியே டேட் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் 01/01/1970 என்று அச்சாகும். 1970-ஐப் பார்த்ததும் எல்லோரும் பதறுகிறார்கள். பதற வேண்டியது முதல் பன்னிரண்டு நாட்களுக்கு, ஏனென்றால் அங்கே தப்பு நல்ல தேதி மாதிரியே இருக்கும். 3.4.24 இன்னும் மோசம். அதை இன்றைய தேதியில் 3 மணி 4 நிமிடம் 24 விநாடி என்று எடுத்துக்கொள்ளும்.

ஆகவே டேட்-டைம்-இம்யூட்டபிள் கிளாஸின் கிரியேட்-ஃப்ரம்-ஃபார்மேட். வருவது என்ன வடிவம் என்று நாமே சொல்கிறோம்: முதலில் ஆச்சரியக்குறி, பிறகு சின்ன டி, ஹேஷ் குறி, சின்ன எம், ஹேஷ் குறி, பெரிய ஒய். அந்த ஹேஷ் குறி சாய்கோடு, சிறுகோடு, புள்ளி மூன்றையும் ஏற்கும். ஆச்சரியக்குறியை விட்டால் தேதியோடு இப்போதைய மணியும் நிமிடமும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் இரண்டு தேதிகள் சமமா என்று பார்த்தால் சமமாக இராது.

வருடம் இரண்டு இலக்கத்தில் வந்தால் பெரிய ஒய் உதவாது. 24 என்பதை அது 2024 என்று எடுத்துக்கொள்ளாது. கடைசிப் பகுதியின் நீளத்தைப் பார்த்து, இரண்டானால் சின்ன ஒய் போடுங்கள்.

இன்னொன்று: 31/02/2024 கொடுத்தால் மறுக்காமல் மார்ச் 2 என்று தள்ளிவிடும். கெட்-லாஸ்ட்-எரர்ஸ் கூப்பிட்டு எரர், வார்னிங் இரண்டின் எண்ணிக்கையையும் பாருங்கள். பிஎச்பி 8.2 முதல், பிழை எதுவும் இல்லாவிட்டால் அது அரேக்குப் பதில் ஃபால்ஸ் தரும். பழைய நிரல் அங்கே இடறும்.

லாராவெல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கில் இருப்பவர்களுக்கு கார்பன் என்ற தேதி லைப்ரரி கையிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். இப்படிச் சின்னப் பக்கத்துக்கு அதைத் தனியாக இறக்குவது வீண். வெறும் டேட்-டைம் கிளாஸும் வேண்டாம், ஒரு நாள் கூட்டினால் மூலத் தேதியே மாறிவிடும்.

படி 3: சேமிப்பது

வருடம்-மாதம்-நாள், 24 மணி நேரக் கணக்கு, வேறு பேச்சே இல்லை. டேபிளில் நாள் மட்டும் போதுமென்றால் டேட் வகை நெடுவரிசை, நேரமும் வேண்டுமென்றால் டேட்-டைம் வகை. டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19-ஓடு நின்றுவிடும்.

படி 4: காட்டுவது

நிமிடத்துக்கு எழுத்து சின்ன ஐ. மணிக்குப் பக்கத்தில் சின்ன எம் போட்டால் ஏப்ரல் முழுக்க எல்லா லோடும் 04 நிமிடத்தில் கிளம்பியதாகக் காட்டும்.

எங்கள் பக்கம் பில்லை தமிழிலும் மலையாளத்திலும் கேட்பார்கள். இன்டில்-டேட்-ஃபார்மேட்டரில் 'டிஏ_ஐஎன்', 'எம்எல்_ஐஎன்' என்று லோகேல் (மொழி, நாட்டுக் குறியீடு) கொடுத்தால் மாதப் பெயர் அந்தந்த மொழியில் வரும். ஆனால் அங்கே எழுத்துகளின் பொருள் வேறு: பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். வருடத்துக்குச் சின்ன ஒய் போடுங்கள். பெரிய ஒய் வாரக் கணக்கு வருடம், டிசம்பர் கடைசியில் அடுத்த வருடத்தைக் காட்டிவிடும்.

கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டு) பில்லில் வருமா என்று கேட்கிறார்கள். வருடம் மட்டும் என்றால் எளிது: ஆங்கில வருடத்திலிருந்து, சிங்ஙம் 1-க்கு (மலையாள ஆண்டின் முதல் நாள்) முன் 825-ஐயும், அன்று முதல் 824-ஐயும் கழியுங்கள். 2024 ஆகஸ்டில் 1200 பிறந்தது இப்படித்தான். நாள் கணக்கைத் தமிழ்த் தேதியிலிருந்து எடுக்காதீர்கள். சங்கராந்தி எந்த நாளில் சேரும் என்பதற்கு இரண்டு பக்கமும் விதி வேறு. 2023-இல் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14, விஷு ஏப்ரல் 15. பஞ்சாங்கம் பார்த்து ஒரு டேபிளில் போட்டு வைப்பதே நல்லது.

பின்சேர்க்கை

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: எக்செல் ஃபைலை ஏற்றினால் தேதிக்குப் பதில் 45385 வருகிறதாம். அது எக்செல் தன் கணக்கில் வைத்திருக்கும் நாள் எண். அதிலிருந்து 25569-ஐக் கழித்தால் 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை நாள் என்று கிடைக்கும், 86400-ஆல் பெருக்கினால் விநாடி. இந்த விநாடியை மட்டும் ஜி-எம்-டேட் ஃபங்ஷனில் கொடுங்கள், சாதாரண டேட்டில் கொடுத்தால் ஐந்தரை மணி கூடிவிடும். அவருடைய எண்ணுக்கு 2024-04-03 வரும். பிஎச்பி-ஸ்பிரெட்ஷீட் லைப்ரரி வைத்திருந்தால் இதற்கு அதிலேயே ஃபங்ஷன் உண்டு. ஒரே நெடுவரிசையில் சில வரிகள் எண்ணாகவும் சில வரிகள் எழுத்தாகவும் வரும், அதனால் முதலில் இஸ்-நியூமெரிக் பார்த்து, எண் இல்லையென்றால் படி 2-க்கு அனுப்புங்கள்.