கொழுந்து லொறியின் முன்சக்கர பிரேக் ஹோஸை மாற்றும் முறை

கடந்த மழைக்காலத்தில், தேயிலைக் கொழுந்து ஏற்றி இறம்பொடைப் பக்கம் இறங்கியபோது, பிரேக்கை விட்ட பிறகும் என் லொறி இடப்பக்கமாக இழுத்தது. நிறுத்திப் பார்த்தால் அந்தப் பக்கத்து ட்ரம் கிட்டே கை கொண்டுபோக முடியாத சூடு. பிரேக் ஒயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இறப்பர் குழாயான ஹோஸின் வெளியே ஒரு வெடிப்பும் இல்லை. உள்ளிறப்பர் வீங்கி, மிதிக்கும்போது போகும் ஒயிலைத் திரும்பி வரவிடாமல் அடைத்திருந்தது. எனவே வெளித்தோற்றத்தை நம்பாமல், சந்தேகம் வந்தால் இரு பக்க ஹோஸையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இங்கே எழுதுவது ஒயில் பிரேக் உள்ள நடுத்தர லொறிகளுக்கு மட்டுமே. முழுவதும் காற்றில் இயங்கும் பிரேக்குக்கு இது பொருந்தாது.

சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அச்சை ஸ்டாண்டில் இருத்திய பின்னரே சக்கரத்தைக் கழற்றுங்கள். நம் பக்கத்து ஈரத்தில், லொறியின் சட்டத்தில் ஹோஸோடு சேரும் இரும்புக் குழாயின் நட் துருப்பிடித்தே இருக்கும் என்பதால், முதல்நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயை, பிரேக் லைனிங்கில் படாமல், அதில் மட்டும் விட்டு வையுங்கள்.

முதலில் கழற்ற வேண்டியது சட்டத்துப் பக்கத்து அந்த நட்டைத்தான். சாதாரண ஸ்பெனரை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். மூலைகள் மழுங்கினால் குழாயையே மாற்ற நேரும். பிரேக் குழாய்க்கென்று வாய் பிளந்த ரிங் ஸ்பெனர் ஒன்று விற்கிறது, அதை வாங்குவது வீண்செலவு அல்ல. ஹோஸின் முனையை இன்னொரு ஸ்பெனரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பும்போது, குழாயும் கூடவே முறுகுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். முறுகினால் உடனே நிறுத்தி, சற்று இறுக்கி, மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். பிறகு ஹோஸைச் சட்டத்துப் பிடியில் நிறுத்தும் கிளிப்பை எடுத்து, சக்கரப் பக்கத்தைக் கடைசியாகக் கழற்றலாம்.

புதிய ஹோஸை இதற்கு நேர்மாறான வரிசையில் பூட்டவேண்டும்: முதலில் சக்கரப் பக்கம், புதிய செப்பு வொஷருடன், அதன் பின்னரே சட்டத்துப் பிடி, கிளிப், குழாய் நட். நான் முதல்முறை தவறியது இங்கேதான். முனையைப் பிடிக்காமல் நட்டை இறுக்கியதால் ஹோஸ் அரைச்சுற்று முறுகி, ஸ்டியரிங்கை முழுவதும் வலப்பக்கம் ஒடித்தபோது டயரின் உட்பக்கத்தில் உரசியது. கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு நாளும் முழுதாக ஒடிக்கும் நமக்கு, அந்த உரசல் சில வாரங்களில் ஹோஸை அறுத்துவிடும். ஹோஸின் நெடுக அச்சிட்ட எழுத்து நேராக ஓடினால் முறுக்கில்லை, கொடிபோலச் சுற்றினால் கழற்றி மீண்டும் பூட்டுங்கள். சக்கரத்தை மாட்டிய பின், தொங்கும் நிலையிலும் தரையில் இருக்கும் நிலையிலும், இரு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள்.

குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்கப் புதிதாகத் திறந்த போத்தல் ஒயிலையே பயன்படுத்துங்கள். டொட் 3 தரப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியதற்கோ அந்த எல்லை 140தான், நீண்ட இறக்கத்தில் அதன் விளைவைப் பெடலிலேயே உணர்வீர்கள். உதவியாளர் மிதித்துப் பிடித்திருக்கும்போது சக்கரப் பக்கத்தில் காற்றை வெளியேற்றும் திருகான பிளீடரைத் திறந்து, அவர் காலை எடுக்குமுன் மூடவேண்டும். இடப்பக்கம் முடித்து வலப்பக்கம் வாருங்கள். தொட்டியில் ஒயில் பாதிக்குக் கீழே இறங்கக்கூடாது.

பின்னர் சேர்த்தது: இவ்வளவும் செய்தும் பெடல் மெத்தென்று இறங்குவதாக இரண்டு சாரதிகள் கூறினார்கள். இருவருடைய லொறியிலும், மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டரில் தனியாக ஒரு பிளீடர் இருந்தது. உங்களுடையதிலும் இருந்தால், அதை முதலில் திறந்து காற்றெடுத்துவிட்டு, பிறகு சக்கரங்களுக்கு வாருங்கள்.