பழைய காரின் பின்விளக்கு: வெளிச்சத்தைக் கூட்டப் போய்ச் செய்யும் தவறுகள்

1950களில் வந்த மாரிஸ் மைனர் என்ற சின்ன பிரிட்டிஷ் காரின் பின்விளக்கு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பக்கத்துக்கு ஒன்று, அதுவும் தாழ்வாக. அந்தக் காலத்தில் அதன் பின்னால் வந்தது இன்னொரு மாரிஸோ பாரம் ஏற்றிய லாரியோதான், அதற்கு அந்த வெளிச்சம் போதும். இன்றைக்குச் சென்னையின் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் பின்னால் வருகிற எஸ்.யூ.வி. நூறில் வருகிறது, ஓட்டுபவரின் ஒரு கண் போனில் இருக்கிறது. ஆக, அம்பாசடரோ ஹெரால்டோ ஃபியட்டோ வைத்திருப்பவர்கள் பின்விளக்கைக் கொஞ்சம் தூக்கலாக்க நினைப்பது நியாயம்தான். ஆனால் பலரும் கார் பாகங்கள் விற்கும் ஜி.பி. ரோட்டில் ஒரு ஜோடி எல்.இ.டி. பல்ப் வாங்கி மாட்டுவதில்தான் தொடங்குகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

பின்னால் வருபவருக்கு இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். இங்கே ஒரு வண்டி இருக்கிறது, அது இப்போது பிரேக் போடுகிறது. முதலாவதற்கு வெளிச்சம் போதும். இரண்டாவதற்கு டெயில் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் நடுவே பளிச்சென்று ஒரு வித்தியாசம் வேண்டும். கீழே சொல்லும் தவறுகளில் பாதி, அந்த வித்தியாசத்தை மறந்ததால் வருகிறவை.

முதல் தவறு, ஒயரிங்கைப் பார்க்காமல் பல்பை மாற்றுவது. சாதாரண இழை பல்புக்குப் போகும் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால், வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைந்துவிடும். ஐம்பது வருட ஒயர், பச்சை பிடித்த ஹோல்டர், துரு ஏறிய எர்த் (மின்சாரம் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தின்றால் பத்து சதவீதம் சர்வ சாதாரணம். விளக்கு மங்கலாக எரிகிறது என்று பல்பைத் திட்டுகிறோம், பாவம் அது என்ன செய்யும்.

இதில் எர்த்தான் பெரிய திருடன். வண்டியைப் புதிதாக பெயிண்ட் அடித்து வாங்கிய பிறகுதான் பின்விளக்குத் தொல்லை ஆரம்பிக்கும், கவனித்துப் பாருங்கள். விளக்கின் உலோக உடம்பு, ஸ்க்ரூ வழியாக பாடியைத் தொட்டுத்தான் எர்த் எடுக்கிறது. நடுவில் ரப்பர் கேஸ்கெட், அதற்கு மேல் மூன்று கோட் பெயிண்ட். மின்சாரம் எங்கே போகும்? இருக்கிற இன்னொரு இழை வழியாகத் திரும்பி ஓடப் பார்க்கும். வலது இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்க டெயில் லைட் சேர்ந்து துடிக்கிறது, பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக மினுங்குகிறது என்றால் எர்த் போய்விட்டது என்று அர்த்தம்.

சோதிப்பதும் எளிது. டெயில் லைட்டைப் போட்டு, ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை பல்ப் ஹோல்டரின் உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் கவலையில்லை. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்த வெளிச்சம் முழுக்க வழியில் வீணாகிறது. ஹோல்டரிலிருந்து தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்து, டிக்கிக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பளிச்சென்ற தகட்டில் முறுக்கிவிடுங்கள். எந்த எல்.இ.டி.யும் தராத வித்தியாசத்தை இந்த ஒரு ஒயர் தரும். செலவு நூறு ரூபாய் தாண்டாது.

பிரேக் சுவிட்சையும் இதோடு பார்த்துவிட வேண்டும். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் சுவிட்ச் பிரேக் ஆயில் லைனில் இருக்கும், அழுத்தம் ஏறினால்தான் விளக்கு எரியும். சுவிட்ச் வயதானால் அழுத்தி மிதித்த பிறகே எரியும். சிக்னல் நோக்கி மெல்ல வேகம் குறைக்கும்போது பின்னால் ஒன்றுமே தெரியாது. வீட்டு வாசலில் ஓங்கி மிதித்துப் பார்த்து “எரியுது சார்” என்று சொல்லிவிட்டால் இது பிடிபடாது. பெடலைப் பாதி மட்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். பெடலிலேயே ஒரு சுவிட்ச் வைப்பதும், சுமையை ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாகக் கொடுப்பதும் நல்ல தீர்வு.

பல்ப் மாட்டுவதிலேயே ஒரு பழைய கோளாறு உண்டு. டெயிலும் பிரேக்கும் ஒரே பல்பில் உள்ள வண்டிகளில் 5 வாட், 21 வாட் என்று இரண்டு இழைகள். மாறிப் போகக் கூடாது என்பதற்காகத்தான் பல்பின் இரண்டு ஊசிகளும் உயரம் மாறி இருக்கும். தேய்ந்த ஹோல்டரில் அதையும் மீறித் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்போது பெரிய இழை எப்போதும் எரியும், பிரேக் போட்டால் சின்னது சேர்ந்துகொள்ளும். பார்ப்பதற்கு விளக்கு பிரமாதமாக இருக்கும், பிரேக் போட்டது மட்டும் யாருக்கும் தெரியாது. ஒற்றை இழை பல்பை இரட்டை ஹோல்டரில் திருகினால் இன்னொரு கூத்து: பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு எரியும்.

சரி, இப்போது எல்.இ.டி.க்கு வருவோம். அதில் உண்மையான லாபம் ஒன்று இருக்கிறது. இழை பல்ப் சூடேறி முழு வெளிச்சத்துக்கு வர, எல்.இ.டி.யைவிட ஏறக்குறைய 0.2 நொடி கூடுதலாக எடுக்கும். பின்னால் 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அதற்குள் நாலரை மீட்டர் தாண்டியிருக்கும், ஒரு அம்பாசடரின் நீளத்தைவிட அதிகம். ஆகவே எல்.இ.டி. வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்து வாங்குங்கள் என்கிறேன்.

நிறத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. போட்டால் வெளிச்சத்தில் பெரும்பகுதி லென்ஸோடு நின்றுவிடும். வெள்ளை எல்.இ.டி.யில் நீலமும் மஞ்சளும்தான் நிறைய, சிவப்பு குறைவு. வெளியே வருவது வெளிறிய ரோஸ். சிவப்பு லென்ஸுக்குச் சிவப்பு, மஞ்சள் லென்ஸுக்கு மஞ்சள். ஆனால் பழைய பிரிட்டிஷ் விளக்குகள் சிலவற்றில் அடியில் ஒரு கண்ணாடிச் சன்னல் இருக்கும், அதே பல்ப்தான் நம்பர் பிளேட்டுக்கும் வெளிச்சம் தர வேண்டும். அங்கே சிவப்பு போட்டால் நம்பர் பிளேட்டும் சிவந்துவிடும். அடியில் வெள்ளையும் பின்பக்கம் சிவப்புமாக வரும் பல்ப் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் இழை பல்பே மேல்.

அடுத்து, வெளிச்சம் போகும் திசை. பழைய விளக்கின் கிண்ணம், நடுவில் எரியும் இழை எல்லாப் பக்கமும் வெளிச்சம் வீசும் என்று நம்பி வடிவமைத்தது. நுனியில் மட்டும் எல்.இ.டி. வைத்த பல்பைப் போட்டால் நடுவில் ஒரு புள்ளி கண்ணைக் குத்தும், சுற்றிலும் இருட்டு. சற்று சாய்ந்த கோணத்தில், பக்கத்து லேனில் வருபவருக்கு ஒன்றும் தெரியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் அந்த வித்தியாசம். தரமான 21/5 வாட் பல்பில் பிரேக் இழை 440 லூமன் (வெளிச்சத்தின் அளவு), டெயில் இழை வெறும் 35. பன்னிரண்டு மடங்குக்கு மேல். இரண்டும் ஒரே விளக்கில் இருந்தால் குறைந்தது ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. மலிவான எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் டெயிலே கொளுத்தும், பிரேக் அதைவிடக் கொஞ்சம்தான் கூடும். கடைக்காரர் மேஜையில் வைத்து எரித்துக் காட்டும்போது அசத்தலாக இருக்கும். நீங்கள் டெயிலைப் போட்டுவிட்டுப் பிரேக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வோல்டேஜும் எர்த் பக்கமும் தெரியாமல் ஆர்டர் போடுவது இன்னொன்று. 1966 வரையிலான ஃபோக்ஸ்வாகன் பீட்டில்கள் பெரும்பாலும் 6 வோல்ட். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். இழை பல்புக்கு எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான், பக்கம் மாறினால் எல்.இ.டி. பல்புகள் பலவும் எரியாது. அப்புறம் இண்டிகேட்டர். பழைய ஃப்ளாஷர் என்பது, பல்ப் இழுக்கும் மின்சாரத்தின் சூட்டில் இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கிற சாதனம். எல்.இ.டி. இழுக்கும் சொற்பத்துக்கு அது அசையாது. எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் மாற்றிவிடுங்கள், கூடுதல் மின்சாரம் இழுக்கவைப்பதற்காகக் கொதிக்கும் ரெசிஸ்டர்களை ஒயரோடு கட்டித் தொங்கவிட வேண்டாம்.

லென்ஸைப் பெட்ரோலிலும் தின்னரிலும் துடைக்காதீர்கள், பிளாஸ்டிக் நுண்ணிய வெடிப்பு விட்டுவிடும். சோப்புத் தண்ணீர் போதும். உள்ளே கிண்ணம் கறுத்திருந்தால் பளபள வெள்ளை பெயிண்ட் அடித்தாலே நல்ல பலன் உண்டு.

நடுவில் உயரமாக வைக்கும் மூன்றாவது பிரேக் விளக்கை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து அது கட்டாயம். பின்னாலிருந்து மோதும் விபத்துகள் நீண்டகால அளவில் 4.3 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டு அரசின் 1998 ஆய்வு சொல்கிறது. கேட்கச் சின்னதாக இருக்கலாம், ஒரு சின்ன விளக்குக்கு அது பெரிய வேலை. ஆனால் அதற்காக டிக்கி மூடியில் துளை போடுவது அநியாயம். நம் நாட்டில் 2021-இல் வந்த விதிப்படி ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்ய, பாடியிலும் சேஸிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பின் கண்ணாடிக்கு உள்ளே, பார்சல் தட்டில் கழற்றக்கூடிய ஒரு பட்டை விளக்கு வையுங்கள். கண்காட்சி அன்று எடுத்துவிடலாம். பிரேக் போட்டால் படபடவென்று மின்னும் ரகமும், கறுப்பு ஃபிலிம் ஒட்டிய லென்ஸும் வேண்டவே வேண்டாம்.

கரண்டே இல்லாமல் வேலை செய்வது ரிஃப்ளெக்டர் ஒன்றுதான். ராத்திரி ஒயர் எரிந்து வண்டி ஓரத்தில் நின்றால் அதுதான் கைகொடுக்கும். பம்பரில் இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர், டிக்கியில் ஒரு முக்கோணப் பலகை. எல்லா வேலையும் முடிந்த பிறகு நண்பர் ஒருவரை உட்காரவைத்து, ஐம்பது மீட்டர் பின்னால் போய் நின்று பாருங்கள். இருட்டில் ஒரு தடவை, வெயில் நேராக லென்ஸில் அடிக்கும்போது ஒரு தடவை. வெயிலில்தான் பெரும்பாலான விளக்குகள் தோற்கும்.