குரூஸ் கப்பலின் பாதை திடீரென்று மாறினால்: பயணிகள் செய்யும் தவறுகள்

குரூஸ் பயணத்துக்குப் பணம் கட்டும்போது நம் மனதில் இருப்பது ஊர்கள்தான். சாண்டோரினி, பினாங்கு, புக்கெட் என்று விளம்பரத்தில் வரும் பெயர்களைப் பார்த்துத்தான் கப்பலையே தேர்ந்தெடுக்கிறோம். டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தத்தில் இருப்பது வேறு. எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிடலாம், வேறு ஊருக்கு மாற்றலாம், நிற்கும் நேரத்தைக் குறைக்கலாம், அதற்காக நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று அநேகமாக எல்லா நிறுவனங்களும் அதில் எழுதி வைத்திருக்கின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நாம் வாங்குவது அறை, சாப்பாடு, கடல் பயணம். ஊர்கள் அமைந்தால் நல்லது. அந்தப் பக்கங்களைப் படிக்காமல் திட்டம் போடுவதிலிருந்துதான் மற்ற தவறுகள் கிளைக்கின்றன.

"நல்ல வெயில் அடிக்கிறதே, ஏன் நிற்காமல் போகிறோம்?" என்று கவுண்டரில் சண்டை போடுபவர்கள் உண்டு. வெயிலுக்கும் கப்பல் நிற்பதற்கும் சம்பந்தம் இல்லை. இன்றைய மிகப் பெரிய கப்பல்கள் ஏறக்குறைய 360 மீட்டர் நீளம், இருபது மாடி உயரம். அவ்வளவு பெரிய பக்கச் சுவரில் காற்று மோதினால், குறுகலான துறைமுகத்துக்குள் கப்பலைத் திருப்பி நிறுத்துவது ஆபத்து. சாண்டோரினி, கிராண்ட் கேமன் போன்ற இடங்களில் பெரிய கப்பல்கள் கரையில் கட்டுவதே இல்லை. கரையிலிருந்து தள்ளிக் கடலில் நிற்கும், பயணிகள் சின்னப் படகில் ஏறிக் கரைக்குப் போக வேண்டும். அலை கொஞ்சம் தூக்கினாலும் வயதானவர்களைப் படகில் ஏற்றி இறக்க முடியாது. இந்த முடிவை எடுப்பவர் கேப்டன். பாதுகாப்புக்காக அவர் எடுக்கும் முடிவில் கம்பெனி முதலாளிகூடக் குறுக்கிடக் கூடாது என்று சோலாஸ் எனப்படும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தமே சொல்கிறது. கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

வானிலை மட்டும் காரணமில்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போன சொகுசுக் கப்பல், திரும்பும் வழியில் புதுச்சேரியில் நிற்க வேண்டியிருந்தது. புதுச்சேரி அரசு அனுமதி தராததால் பயணிகளை இறக்காமலே சென்னை திரும்பியது. செங்கடலில் ஏமனின் ஹூத்தி கிளர்ச்சியாளர்களின் தாக்குதல் தொடங்கியபின், 2024இல் பல குரூஸ் கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. ஒன்பது மாத உலகப் பயணத்தில் இருந்த செரினேட் ஆஃப் தி சீஸ் கப்பலும் அப்படித்தான் போனது. இன்ஜின் கோளாறால் வேகம் குறைந்தாலும், பயணி ஒருவருக்கு அவசர சிகிச்சை தேவைப்பட்டாலும் ஓர் ஊர் கைவிட்டுப் போகலாம்.

நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது விசா. அமெரிக்க, ஐரோப்பிய பாஸ்போர்ட்காரர்களுக்காக எழுதப்படும் குரூஸ் குறிப்புகளில் இது அவ்வளவாக வராது, இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கோ பயணமே இதில்தான் நிற்கிறது. கிரேக்கத் தீவுகளை மட்டும் சுற்றும் பயணம் என்று நம்பி, ஒரே ஒரு முறை நுழையக்கூடிய ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தீவில் காற்று அதிகம் என்று கப்பலைத் துருக்கியின் குசாதாசிக்குத் திருப்பினால், நீங்கள் ஷெங்கன் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். திரும்ப ஏதென்ஸுக்கு வருவது இரண்டாவது நுழைவு, அதற்கு உங்கள் விசாவில் இடமில்லை. சிங்கப்பூரில் ஏறி மலேசியா, தாய்லாந்து போய் அங்கேயே வந்து இறங்கும் பயணத்துக்கும் இதே கணக்குத்தான். ஆகவே குரூஸ் என்றாலே பலமுறை நுழையும் விசாவுக்கே விண்ணப்பியுங்கள். பக்கத்து நாடுகளின் விசா விதிகளையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மாற்றாக வரும் நாட்டுக்கு விசா இல்லாவிட்டால் கப்பலிலேயே உட்கார வேண்டியிருக்கும். இறங்காமல் கப்பலிலேயே இருப்பவர்களிடமும் விசா கேட்கும் நாடுகள் உண்டு. மாற்றம் அறிவித்ததும் வரவேற்புக் கவுண்டரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என் பாஸ்போர்ட்டுக்கு இது சரியா?" என்பதுதான்.

அடுத்தது ஊர் சுற்றல். கப்பல் மூலம் பதிவு செய்த சுற்றுலா என்றால், ஊர் ரத்தானதும் பணம் தானாகத் திரும்பி வரும். வெளியில் மலிவாகப் பிடித்த வண்டி, வழிகாட்டி எல்லாம் அவரவர் விதிப்படிதான். கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தருபவர்களும் இருக்கிறார்கள், ஆகவே பதிவு செய்யும் முன்பே அதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் மாறும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. கப்பல் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால், திரும்பி ஏற வேண்டிய நேரமும் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். பழைய அட்டவணையை நம்பாமல், இறங்கும் இடத்துப் பலகையில் அன்று எழுதியிருக்கும் நேரத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசி உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிவிடும், கப்பல் நேரம் வேறாக இருக்கலாம்.

2024 மார்ச்சில் நார்வீஜியன் டான் கப்பலின் 8 பயணிகள், ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் தனியார் சுற்றுலா ஒன்றுக்குப் போய்த் தாமதமாகத் திரும்பினார்கள். அவர்களை ஏற்றாமலே கப்பல் கிளம்பியது. அடுத்த துறைமுகத்தில் பிடித்துவிடலாம் என்று காம்பியா வரை போனார்கள். நீர்மட்டம் சரியில்லை என்று கப்பல் அங்கே நிற்கவே இல்லை. கடைசியில் செனகலின் டாக்கரில்தான் பிடித்தார்கள். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த ஊரில் ஏறிக்கொள்ளலாம் என்ற கணக்கு, அந்த ஊரே அட்டவணையிலிருந்து போய்விட்டால் பொய்த்துவிடும்.

பணம் எவ்வளவு திரும்பும்? தவறிய துறைமுகத்துக்கான வரியும் கட்டணமும் மட்டும் வரும், அதுவும் பல நேரம் கப்பலிலேயே செலவழிக்கும் கிரெடிட்டாக. பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் மாற்றம் எப்போது அறிவிக்கப்பட்டது என்பது முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் பதிவு செய்தவர்களுக்கு, கிளம்பும் முன்பே பயணத்தின் முக்கிய அம்சம் கணிசமாக மாறினால், ரத்துக் கட்டணம் இல்லாமல் விலகும் உரிமை சட்டப்படி உண்டு. மாற்றத்தை அறிவிக்கும் மின்னஞ்சலுக்குப் பதில் சொல்லக் கெடு வைப்பார்கள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும், ஆகவே அந்த மின்னஞ்சலைத் தள்ளிப்போடாதீர்கள்.

விமான டிக்கெட்டை நெருக்கிப் போடுவதும் வேண்டாம். 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் சரக்குக் கப்பல் மோதிப் பாலம் இடிந்து துறைமுகம் அடைபட்டது. அப்போது கடலில் இருந்த கார்னிவல் லெஜண்ட் கப்பல் நார்ஃபோக்கில் பயணத்தை முடித்து, பயணிகளைப் பேருந்தில் பால்டிமோருக்கு அனுப்பியது. குளிர்காலப் பனிமூட்டத்தில் டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகம் மணிக்கணக்கில் மூடப்படுவதும் உண்டு. கப்பல் முடியும் நாளின் மறுநாள் விமானம் பிடிப்பதே நல்லது. ஒரு நாள் ஹோட்டல் வாடகை, தவறிப்போன டிக்கெட்டைவிடக் குறைவு.

காப்பீடு எடுத்தவர்களும் ஒன்றில் ஏமாறுகிறார்கள். புயலுக்குப் பெயர் வைத்து செய்தி வந்தபின் எடுத்த பாலிசி அந்தப் புயலுக்குப் பொதுவாக உதவாது. முன்பணம் கட்டிய வாரமே எடுத்துவிடுங்கள், தவறிய துறைமுகத்துக்குப் பணம் தரும் பிரிவு அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் ஊர் மாறியதும், எந்தத் தேதி, எந்தத் துறைமுகம், என்ன காரணம் என்று கப்பல் கவுண்டரில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். வீடு திரும்பியபின் அந்தக் கடிதத்துக்காக நிறுவனத்தின் பின்னால் அலைவது பெரும்பாடு.