ப்ராஜெக்ட் கார் கட்டப் போறீங்களா? இன்ஜின விடுங்க, வண்டியோட தரைய பாருங்க

ப்ராஜெக்ட் கார்னா பழைய வண்டிய வாங்கி நாமளே புதுசாக்குறது, இல்ல மாத்தி அமைக்கிறது. புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் ஒரே தப்பத்தான் பண்றாங்க, பானெட்ட தூக்கி இன்ஜின் சத்தத்த கேட்டுட்டு அட்வான்ஸ் குடுத்துடுறாங்க. இன்ஜின எந்த மெக்கானிக்கும் பிரிச்சு சரி பண்ணிடுவாரு, துருப்பிடிச்ச பாடியும் சிக்கலான பேப்பரும்தான் காச முழுங்கும்.

ஸ்டெப் 1: வண்டிய வச்சு என்ன பண்ணப் போறீங்கன்னு ஒரு வரி எழுதிக்கோங்க. பாடிய கழட்டி வேற ஷேப் பண்ணணும்னா சேஸி (அடியில வண்டியத் தாங்குற இரும்பு ஃப்ரேம்) தனியா இருக்கற வண்டி வேணும், மாருதி ஜிப்சி மாதிரி. அதுல பாடிய எறக்கி வச்சாலும் கீழ சேஸி அப்படியே நிக்கும், நாலு பக்கமும் பட்டை ஸ்ப்ரிங்தான், வேலை பண்றது ஈசி. மாருதி 800 அப்படி இல்ல, பாடிதான் அதுக்கு முதுகெலும்பே, கூரைய வெட்டுனா நடுவுல தொங்கிரும், கதவு கூட சாத்தாது.

ஸ்டெப் 2, சட்டம். போர் அடிக்கும், ஆனா படிங்க. கம்பெனி குடுத்த அடிப்படை ஸ்பெக்க மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, இன்ஜின் மாத்தணும்னா ஆர்டிஓ கிட்ட முன்கூட்டியே பர்மிஷன் வாங்கணும், கலர் மாத்துனாலும் ஆர்சில ஏத்தணும். அதனால ரோட்டுல ஓட்டுற வண்டின்னா ஒரிஜினல் ஷேப்லயே ரெஸ்டோர் பண்ற மாதிரி வண்டி பாருங்க. 800 கடைசியா வந்ததே 2014ல, நிறைய வண்டி 15 வருஷம் தாண்டிருச்சு, எஃப்சி (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) காட்டி ஆர்சி ரினியூ பண்ணிருக்காங்களான்னு பாருங்க. லோன் பாக்கி ஆர்சில நிக்குதா, வண்டில இருக்கற சேஸி நம்பர் அதோட ஒத்துப்போகுதான்னும் பாத்துடுங்க.

ஸ்டெப் 3 தான் முக்கியம், துரு. ஒரு சின்ன காந்தத்த துணில சுத்தி கதவுக்கு கீழ, பின் சக்கர வளைவு, டிக்கில ஸ்டெப்னி குழி எல்லாம் ஓட்டிப் பாருங்க. எங்க ஒட்டாம வழுக்குதோ அங்க தகரம் இல்ல, ஓட்டைய மூடப் பூசுன பட்டிதான் இருக்கு. நான் மொத 800 வாங்குனப்போ காந்தமெல்லாம் ஜோரா ஒட்டுச்சு, டிரைவர் கால் வைக்கிற இடத்துல மேட்ட மட்டும் தூக்கல. வீட்டுக்கு வந்து தூக்கிட்டு ஸ்க்ரூ டிரைவர லேசா வச்சேன், நேரா கீழ போயிருச்சு, ஓட்ட வழியா என் வாசல் கோலம் தெரியுது! டிங்கரிங் செலவு வண்டி விலைய தாண்டிருச்சு.

கடலோர ஊரு வண்டின்னா உப்புக் காத்து பட்டிருக்கும், இன்னும் உஷாரா இருங்க. எந்த ஊரு வண்டியா இருந்தாலும் சீட் பெல்ட்ட முழுசா இழுத்துப் பாருங்க, கடைசில சேறு கறை இருந்தா வெள்ளத்துல நின்ன வண்டி, எவ்ளோ கம்மியா குடுத்தாலும் வேண்டாம்.

ஸ்பேர்ஸ் விஷயத்துல 800, ஜிப்சி ரெண்டுக்கும் பெருசா கவலை இல்ல. ஆசைப்பட்டு அரிய வண்டி வாங்குனா ஒரு கண்ணாடி ரப்பர் பீடிங்குக்கே மாசக்கணக்கா அலையணும்.

பாக்கப் போறப்போ பழைய பாய் ஒண்ணும் டார்ச்சும் எடுத்துட்டுப் போங்க. அடியில படுத்துப் பாக்க விடமாட்டேன்னு ஓனர் சொன்னாருன்னா, பாய சுருட்டிட்டு கெளம்பிடுங்க.