அமுங்கிய கட்டை எழவில்லை: பிளேயர் பியானோவில் நாலு நாள்

வேலூரில் பழுதுக்கு வந்த 88 சுர பிளேயர் பியானோ (துளையிட்ட காகித ரோலை வைத்துத் தானாக வாசிக்கும் பியானோ). காற்றை உறிஞ்சும் பெடலை மிதித்ததுமே ஒரு கட்டை தானாக அமுங்கி அப்படியே நின்றது. ரோல் உரசிச் செல்லும் ஓட்டைகளுள்ள பட்டையான டிராக்கர் பாரில் அதன் ஓட்டையை டேப்பால் மூடியும் அதே கதை. ஆக, காகித ரோல் மேல் பழியில்லை.

அந்த ஓட்டையிலிருந்து உள்ளே போகும், வெயிலில் இறுகிய ரப்பர் டியூபை மாற்றினேன். டியூப் வழியே வரும் காற்றில் மேலெழுந்து கட்டையை அமுங்கவைக்கும் பௌச் தோலையும் மாற்றினேன். (செருப்புத் தோல் தடிமன், இதற்கு மெல்லிய ஆட்டுக்குட்டித் தோல்தான்.) இரண்டும் வீண்.

கடைசியில் டியூபைக் கழற்றி, வாயால் உறிஞ்சி, நசுக்கிப் பிடித்தேன். கட்டை எழுந்தது, மறுபடி அமுங்கவில்லை. கசிவென்றால் மெல்ல அமுங்கியிருக்கும். பௌச்சுக்கு அடியில் சிக்கிய காற்று வெளியேற வழியில்லை என்பதுதான் அர்த்தம்.

அந்தக் காற்று வெளியேற வேண்டிய, பௌச்சுக்குப் பக்கத்து ஊசித்துளையில் தூசி அடைத்திருந்தது. மெல்லிய கம்பியால் குத்தி எடுத்ததும் சரியானது. துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள், அந்தச் சுரம் மந்தமாகிவிடும்.