கையில் வலு குறைவா? கைத்துப்பாக்கி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் மூட்டுவாதம் உள்ளவர்களோ வயதானவர்களோ, மறைத்து எடுத்துச்செல்ல ஒரு கைத்துப்பாக்கி வேண்டும் என்று கடைக்குப் போனால், பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னதாக, லேசாக ஒன்றைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். தயவுசெய்து அதை அப்படியே வாங்கிவிடாதீர்கள். சின்னத் துப்பாக்கியில் ஸ்லைடும், அதாவது குழலை மூடி முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதியும், சின்னது, அதை ஈடுகட்ட ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்திருப்பார்கள், பிடிக்க இடமும் குறைவு. ருகர் எல்சிபி 300 கிராம்கூட இல்லை, பாக்கெட்டில் இருப்பதே தெரியாது, ஆனால் சுடும்போது கையை நன்றாகவே உதைக்கும்.

முதலில் சட்டம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி மையத்தில், வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் சிக்கும். கிரீன் கார்டு இருந்தால் அந்தத் தடை இல்லை. மறைத்து எடுத்துச்செல்லும் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஒரு மாநில உரிமம் பக்கத்து மாநிலத்தில் செல்லாமல் போகலாம்.

சரி, எதை வாங்குவது? என்னைக் கேட்டால் ஸ்லைடை உங்களால் இழுக்க முடிகிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தோட்டாவை உள்ளே ஏற்ற, சிக்கினால் சரிசெய்ய, காலியாக இருக்கிறதா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் அதை இழுத்தாக வேண்டும், அது முடியாத துப்பாக்கி உங்கள் கையில் இருப்பதே ஆபத்து. கடையில் ஒரு தடவை இழுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள், தொடர்ந்து பத்துத் தடவை இழுங்கள், கை ஓய்ந்த பிறகும் முடிகிறதா என்று பாருங்கள். இழுக்கும் முறையும் முக்கியம்: துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவந்து, குழல் பாதுகாப்பான திசையைப் பார்க்க, விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்க, இடது உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து இறுகப் பற்றி, வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளுங்கள். விரல் நுனியால் கிள்ளி இழுப்பதைவிட இது எவ்வளவோ சுலபம், ஏனென்றால் தோளின் பலமும் சேர்ந்துகொள்கிறது.

.380 தோட்டா 9 எம்எம்மைவிட வலு குறைந்தது, அதனால் எல்லா .380 துப்பாக்கியும் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். வால்தர் பிபிகே போன்ற பழைய வடிவமைப்புகளில் குழல் அசையாது, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் வெடிப்பைத் தாங்க வேண்டும், அதனால் ஸ்பிரிங் கடுமையாக இருக்கும். 2018இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்ட் ஈஸி .380 வலு குறைந்த கைகளை நினைத்தே செய்தது. எடை சுமார் 525 கிராம், ஸ்லைடு மென்மையாக வரும், மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டில்) விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தோட்டா நிரப்பப் பக்கவாட்டில் குமிழும் உண்டு. பிடியின் பின்பக்கம் ஒரு பாதுகாப்பு அழுத்தி இருக்கிறது, அது முழுதாக அமுங்கினால்தான் சுடும், உங்கள் பிடியில் அமுங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதன் 9 எம்எம் வடிவத்தைப் பழையதாக வாங்கினால், 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை தயாரானவற்றை ஹேமர் (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தி) கோளாறுக்காக நிறுவனம் திரும்ப அழைத்தது என்பதை நினைவில் வைத்து, வரிசை எண்ணைச் சரிபாருங்கள். ருகர் செக்யூரிட்டி-380உம் பார்க்கத் தகுந்தது.

ஸ்லைடை இழுக்கவே முடியாதவர்களுக்கு, குழலின் பின்முனை மேலே எழும்பித் திறக்கும் பெரெட்டா பாப்கேட், டாம்கேட் வகை இருக்கிறது, நேராகக் குழலுக்குள் தோட்டாவை வைத்து மூடிவிடலாம். தோட்டா சிறியது, .22 அல்லது .32தான், ஆனாலும் கையாள முடியாத 9 எம்எம்மைவிட இது மேல்.

ரிவால்வர்தான் வழி என்று பலர் சொல்வார்கள். ஸ்லைடு இல்லை என்பது உண்மை, ஆனால் சின்ன ரிவால்வர்களில் ட்ரிகரை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் விசை தேவைப்படுவது சாதாரணம். விரல் மூட்டு வலிப்பவருக்கு ஸ்லைடைவிட இது மோசமாகவும் இருக்கலாம். ருகர் எல்சிஆரின் ட்ரிகர் மற்றவற்றைவிட வழுக்கிக்கொண்டு வரும், .38 ஸ்பெஷலில் வாட்கட்டர் என்ற தட்டை முனைத் தோட்டா போட்டால் உதையும் குறையும். ட்ரிகரை லேசாக்க ஸ்பிரிங் மாற்றும் யோசனை மட்டும் வேண்டாம், தோட்டா வெடிக்காமல் போகலாம்.

பிடி தளர்ந்தால் ஸ்லைடு உள்ள செமி ஆட்டோமேடிக் துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றாமல் சிக்கிக்கொள்ளும். அதனால் வாங்கும் முன் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து, ஒரு பெட்டித் தோட்டா முழுவதும் நீங்களே நிரப்பி, நீங்களே சுட்டுப் பாருங்கள், கணவரோ மகனோ உங்களுக்காக மேகசினை நிரப்பித் தரக் கூடாது. விரல் வலித்தால் அப்லூலா என்ற நிரப்பும் கருவி வாங்கிக்கொள்ளலாம். ஹோல்ஸ்டர் (துப்பாக்கியைச் செருகும் உறை) ட்ரிகரை முழுதாக மூட வேண்டும். வீட்டில் குழந்தைகள் வந்து போவார்கள் என்றால் பூட்டும் பெட்டியும் அதே நாளில் வாங்குங்கள், அதன் பூட்டும் உங்கள் விரலால் திறக்கக்கூடியதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.