டோஸைக் கூட்டும் முன்: தைராய்டு மாத்திரையோடு என் 11 வருடங்கள்

நான் மெய்ப்புத் திருத்துபவன். பிறர் கண்ணுக்குத் தப்பிய பிழை என் கண்ணில் பட வேண்டும், அதற்குத்தான் கூலி. 11 வருடங்களுக்கு முன்பு ஒரு பாடநூலின் ஒரே பக்கத்தில் மூன்று ஒற்றுப் பிழைகளை விட்டுவிட்டேன். அதே பக்கத்தைத் திரும்ப எடுத்துப் படித்தபோதும் அவை தெரியவில்லை. அன்று உண்மையிலேயே பயந்துபோனேன்.

அதற்கு முன்பே உடல் பல விதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மதியம் ஆனாலே கண் சொருகும். அறையில் மற்றவர்களுக்குப் புழுங்கும்போது எனக்குக் குளிரும். காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும். குரல் தடித்துப்போனது. மலச்சிக்கல், தோல் வறட்சி, நான்கு கிலோ எடை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்: வயது, வேலை, தூக்கம் போதவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு ஏறியிருந்ததைப் பார்த்த மருத்துவர், "தைராய்டையும் ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்றார். தைராய்டு தளர்ந்தால் ஏறும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன், சுமார் 4-க்குள் இருக்க வேண்டியது, 38 இருந்தது. அதாவது எனக்குத் தைராய்டு குறைவு.

இது பெண்களுக்கு வருகிற நோய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம், உண்மை. ஆனால் ஆண்களுக்கும் வரும். இந்த நினைப்பாலேயே நான் ஒன்றரை வருடத்தை இழந்தேன். இதைப் படிக்கும் ஆண்கள் அப்படி இழக்க வேண்டாம்.

ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள்

தைராய்டு சுரப்பி முக்கியமாகச் சுரப்பது டி4. உடல் அதிலிருந்து தேவைக்கு ஏற்ப டி3-ஐ உண்டாக்கிக்கொள்கிறது. ரத்தத்தில் இவை குறையும்போது, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பித் தைராய்டை முடுக்கிவிடப் பார்க்கும். அதனால் தைராய்டு தளர்ந்தால் டி.எஸ்.எச். ஏறும். எண் அதிகம் என்றால் தைராய்டு அதிகம் என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே நேர்மாறு.

பெரும்பாலான ஆய்வகங்களில் டி.எஸ்.எச். சுமார் 0.4 முதல் 4 வரை இருந்தால் சரி என்பார்கள். டி.எஸ்.எச். ஏறி, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் டி4) குறைந்திருந்தால் சந்தேகமே இல்லை, மருந்து வேண்டும். டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறி, ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள், பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். வயது கூடக்கூட டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறுவதும் இயல்பு. 10-ஐத் தாண்டியே நின்றால் பொதுவாக மருந்து தொடங்குவார்கள்.

காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு டி.பி.ஓ. எதிர்ப்பொருள் (தைராய்டுக்கு எதிராக உடலே உண்டாக்குவது) பரிசோதனையில் ஹஷிமோட்டோ என்று தெரிந்தது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தைராய்டைத் தாக்குவது. 1912-இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்ததால் அவர் பெயர் வந்தது. மனநிலைக் கோளாறுக்குத் தரும் லித்தியம், இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரும் அமியோடரோன் போன்ற மருந்துகளாலும் தைராய்டு குறையலாம். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்கள் மட்டும் குறைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. காரணம் தெரிந்தால்தான் மாத்திரை ஆயுளுக்கா, கொஞ்ச காலத்துக்கா என்று தெரியும். ஒரு எச்சரிக்கை: ஹஷிமோட்டோ உள்ளவர்கள் யார் சொன்னாலும் அயோடின் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அயோடின் அதிகமானால் தைராய்டு இன்னும் தளரலாம்.

நான் பட்ட பாடு

மருந்து லெவோதைராக்சின். தைராய்டு சுரக்கும் அதே டி4-தான், மாத்திரை வடிவில். சுரப்பி முழுவதுமாக ஓய்ந்துபோனவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். முதியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். எனக்கு 50-இல் தொடங்கி 100-இல் நின்றது. டி.எஸ்.எச். 2.1-க்கு வந்தது. குளிர் போனது. மலச்சிக்கல் போனது. நான்கு மாதத்தில் ஒற்றுப் பிழைகள் மறுபடி கண்ணில் பட்டன.

மூன்றாவது வருடம் மணிக்கட்டு உடைந்தது. எலும்புக்கு என்று கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். தினமும் காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே அதையும் விழுங்கினேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் மறக்காது என்று நினைத்தேன். அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். 9. டோஸ் 125 ஆனது. அப்போதும் 7. டோஸ் 150 ஆனது, எண் சரியானது. வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எலும்பு கூடியதும் கால்சியத்தை நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. கை நடுக்கம். இரவு இரண்டு மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமில்லை. பரிசோதித்தால் டி.எஸ்.எச். 0.05. அதாவது, அதுவரை கால்சியம் மருந்தில் ஒரு பகுதியை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. அது விலகியதும் 150 மைக்ரோகிராம் முழுதாக உடலில் இறங்கிவிட்டது. திரும்ப 100-க்கு வந்து உடம்பு நிதானப்பட ஒரு வருடம் ஆனது. டோஸ் அதிகமாவது சின்ன விஷயம் அல்ல. நாள்பட இருந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் நோய் வரலாம், எலும்பும் தேயும்.

அதனால்தான் சொல்கிறேன். எண் மாறினால் டோஸை மாற்றும் முன்பு, மாத்திரையை எப்படிப் போடுகிறோம் என்று பாருங்கள். சரியான சிகிச்சையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

எப்படிப் போடுவது

வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் வேண்டாம், காபியும்தான். கால்சியம், இரும்புச் சத்து, வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் இவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். பல சத்து மாத்திரைகளில் இரும்பும் கால்சியமும் ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளும் உறிஞ்சலைக் குறைக்கலாம். அங்கே இடைவெளி விட்டாலும் பயனில்லை, மருத்துவரிடம் சொல்லி டோஸைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை தொடங்கினாலும் அப்படியே.

காலையில் முடியாதவர்கள் இரவு படுக்கும்போது போடலாம், கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காலையோ இரவோ, தினமும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். ஒரு நாள் விட்டுப்போனால் பதற வேண்டாம். இந்த மருந்தின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 7 நாள், ஒரு நாள் குறைவதை உடம்பு தாங்கிக்கொள்ளும். மறுநாள் வழக்கம்போல் தொடருங்கள். மாத்திரை வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் கெடும், குளியலறை அலமாரியும் சமையலறையும் வேண்டாம். ஒரு நிறுவனத்தின் மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஆறு வாரத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அந்த 7 நாள் கணக்கால்தான் டோஸ் மாறியதும் பலன் தெரிய நேரமாகிறது. புதிய அளவு ரத்தத்தில் நிலைபெற ஐந்தாறு வாரம் வேண்டும். பத்து நாளில் "ஒன்றும் குணமில்லை" என்று தானாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதனை, எண் நிலைத்த பிறகு ஆறு மாதம் அல்லது வருடத்துக்கு ஒரு முறை.

பரிசோதனை அன்று ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் கொடுங்கள். டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் ஏறி மதியம் இறங்கும், காலை ரிப்போர்ட்டையும் மாலை ரிப்போர்ட்டையும் ஒப்பிட முடியாது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுபவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். பயோட்டின் சில பரிசோதனைக் கருவிகளையே ஏமாற்றும், டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

ஒரு நோட்டு வையுங்கள். என்னுடையதில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு வரி: தேதி, டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, டோஸ், அப்போது போட்ட மற்ற மாத்திரைகள், அப்புறம் உடம்பைப் பற்றி நாலு வார்த்தை. "தூக்கம் சரி, கை மட்டும் குளிர்ச்சி" என்பது போல. மணிக்கட்டு உடைந்த காலத்தில் இந்த நோட்டு இருந்திருந்தால் கால்சியம் என்ற வார்த்தை முதல் தடவையிலேயே மருத்துவர் கண்ணில் பட்டிருக்கும்.

எண் சரி, ஆனால் களைப்பு போகவில்லை

இதுதான் மிகவும் நோகடிக்கும் நிலை. "ரிப்போர்ட் நார்மல்" என்று அனுப்பிவிடுவார்கள், ஆனால் படி ஏற முடியாது. உங்கள் களைப்பு கற்பனை இல்லை. அதே சமயம் அதற்குத் தைராய்டு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதும் இல்லை. ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு பி12 குறைவும், கோதுமையில் உள்ள குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயும் சேர்ந்து வரலாம். ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பு), பி12, ரத்தச் சர்க்கரை இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறட்டை விடுபவர் என்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பாருங்கள். மனச்சோர்வையும் விட்டுவிடாதீர்கள். எனக்கு பி12 குறைந்திருந்தது. ஊசி போட்ட பிறகுதான் கால் எரிச்சல் நின்றது, அதையும் அதுவரை தைராய்டின் கணக்கில்தான் எழுதிவந்தேன். எடையைப் பொறுத்தவரை, தைராய்டுக் குறைவால் மட்டும் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய உப்பும் நீரும். மாத்திரையால் இருபது கிலோ இறங்கும் என்று எதிர்பார்த்து மனம் உடைய வேண்டாம்.

டி3 சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். 1999-இல் 33 பேரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில் டி4, டி3 இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு மனநிலை மேம்பட்டதாகத் தெரிந்தது. பிறகு நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அதை உறுதிசெய்யவில்லை. ஆனாலும் சிலர் அதில் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகும் களைப்பு போகாதவர்கள், நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் மேற்பார்வையில் சில மாதம் முயன்று பார்ப்பதில் தவறில்லை. கர்ப்பமாக இருப்பவர்களுக்கு அது வேண்டாம். பன்றித் தைராய்டிலிருந்து செய்யும் மாத்திரையில் நம் சுரப்பி தருவதைவிட டி3 விகிதம் மிக அதிகம், படபடப்பு வருவதற்கு அது போதும். நான் அதன் பக்கம் போகவில்லை.

விலங்குச் சுரப்பி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1891-இல் ஜார்ஜ் மர்ரே என்ற ஆங்கிலேய மருத்துவர், தைராய்டு ஓய்ந்துபோன 46 வயதுப் பெண்ணுக்குச் செம்மறி ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு 28 வருடம் வாழ்ந்தார். அத்தனை வருடத்துக்கும் 870 ஆடுகளின் தைராய்டு தேவைப்பட்டது. காலையில் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை எடுக்கும்போது பல நாள் அவரை நினைத்துக்கொள்வேன்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு

என் மகளுக்கும் ஹஷிமோட்டோ. கர்ப்பம் உறுதியான அன்றே அவள் போன் செய்தாள்: "அப்பா, டாக்டர் முன்னாடியே சொல்லிவைத்திருக்கிறார், இன்றைக்கே கூட்டணும்." முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் டி4-தான் ஆதாரம். அதனால் ஏற்கெனவே மாத்திரை போடுபவர்களுக்கு உடனே 25-30 சதவீதம் வரை கூட்டச் சொல்வார்கள். அவளுக்குச் சொன்ன வழி எளிது: வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதில் 9, அதாவது இரண்டு நாள் மட்டும் இரண்டிரண்டு. பாதிக் கர்ப்ப காலம் வரை நான்கு வாரத்துக்கு ஒரு பரிசோதனை. பிரசவம் ஆனதும் பழைய டோஸ், ஆறு வாரத்தில் மறுபடி டி.எஸ்.எச். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் இதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கர்ப்ப காலத்தில் இரும்பும் கால்சியமும் கூடவே வரும். நான் ஒரு சின்னத் தாளில் "காலை தைராய்டு, மதியம் இரும்பு, இரவு கால்சியம்" என்று எழுதி அவள் மருந்து டப்பாவின் மூடியில் ஒட்டிக் கொடுத்தேன்.